கிராண்ட் டாம் என்றால் என்ன, மிஸ்?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேவ் பண்ணி வைத்துவிட்டு இரவில் வாசியுங்கள்.

வெள்ளவத்தையில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் போன மாதம் ஒரு பிரியாவிடை நடந்தது. 34 வருடம் கணிதம் படிப்பித்த ஒரு ஆசிரியை ஓய்வு பெற்றார். பெயரை எழுதினால் அவருக்குக் கோபம் வரும், எழுதவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு யாரென்று விளங்கும். பிள்ளைகள் அவரைக் கூப்பிடுவது "பெரிய மிஸ்". உயரத்தால் வந்த பெயரல்ல. ஆள் என் தோள் உயரம்தான். நான் வந்து சேர்ந்த காலத்திலேயே அவர் பெரிய மிஸ்தான். எங்களைப் போன்ற சின்ன மிஸ்மார் வருவோம், போவோம். அவர் அங்கேயே இருந்தார்.

லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிற பழைய மாணவிகள் காசு சேர்த்து ஒரு நினைவுச்சின்னத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அதில் பொறிக்க வேண்டிய ஆங்கில வரியையும் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். மிஸ்ஸின் பெயர், அதன் கீழே "எங்கள் பாடசாலையின் கிராண்ட் டாம்" என்ற அர்த்தத்தில் ஒரு வரி. கிராண்ட் டாம் என்ற இரண்டு சொல்லும் பிரெஞ்சு. அதிபர் போனை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்:

"இதுக்குக் கீழ தமிழ்லயும் ஒரு வரி வரோணும். நீங்கதானே தமிழ் டீச்சர். நாளைக்குக் காலையில தந்தா போதும்."

நாளைக்குக் காலையாம்!

அன்று தரம் 8 வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளிடமே கேட்டுப் பார்த்தேன். பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை எழும்பி, "மிஸ், கிராண்ட் டேம் எண்டா விக்டோரியா டேம், கொத்மலை டேம் மாதிரியா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தால் அந்தப் பிள்ளை சொன்னதில் பிழை ஒன்றும் பெரிதாக இல்லை. எத்தனை பெற்றோரின் கோபத்தை, எத்தனை பிள்ளைகளின் அழுகையை, எத்தனை அதிபர்களின் அவசரத்தை அந்த மனுசி 34 வருடம் தடுத்து நிறுத்தி, தேவையான அளவுக்கு மட்டும் திறந்து விட்டிருப்பார்! அணைக்கட்டுத்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

பிரெஞ்சில் 'கிராண்ட்' என்றால் பெரிய. 'டாம்' என்றால் சீமாட்டி, அம்மையார். டாம் என்ற சொல் லத்தீன் 'தோமினா'விலிருந்து வந்தது. தோமினா என்றால் வீட்டுத் தலைவி. அதற்கும் அடியில் இருப்பது 'தோமுஸ்', வீடு. அதாவது வீட்டை ஆளுகிறவள்.

இந்த இடத்தில் தமிழ் டீச்சருக்கு ஒரு சந்தோஷம். நம்மிடமும் அதே கட்டுமானம்தானே! இல் என்றால் வீடு, அதிலிருந்து இல்லாள். மனை என்றால் வீடு, அதிலிருந்து மனைவி. ரோமாபுரிக்காரனும் தமிழனும் ஒருவரை ஒருவர் கேட்டுவிட்டு வைத்த பெயரல்ல. வீட்டை யார் நடத்துகிறார் என்பது இருவர் கண்ணுக்கும் ஒரே மாதிரித் தெரிந்திருக்கிறது.

வித்தியாசம் பிறகுதான் வருகிறது. அவர்களுடைய சொல் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே போய்விட்டது. 'என்' என்பதைச் சேர்த்து 'மதாம்' ஆனது: என் சீமாட்டி. இத்தாலியில் 'மடோனா' ஆனது, அதுவும் அதே அர்த்தம். 'எங்கள்' என்பதைச் சேர்த்து 'நொத்ர் டாம்' ஆனது: எங்கள் அம்மையார். பாரிஸிலுள்ள பெரிய தேவாலயத்தின் பெயர் அதுதான், மர்யம் (அலை) அவர்களைக் குறிப்பது. கொட்டாஞ்சேனையில் பிறந்த எனக்கு இது புதிதல்ல. சாந்த லூசியா பேராலயத்துப் பக்கம் அயலில் இருந்த வேதக்கார அக்காமார் வாய்க்கு வாய் "மாதாவே" என்று சொல்வதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

போர்த்துக்கேயர் வாயில் அந்தத் தோமினா 'தோனா' ஆனது. அது நம் நாட்டுக்குக் கப்பலில் வந்து இறங்கி 400 வருடத்துக்கும் மேலாகிறது. கண்டி இராணி குசுமாசன தேவிக்கு ஞானஸ்நானம் கொடுத்து 'தோனா கதரினா' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் சிங்களச் சகோதரிகள் பலரின் முழுப்பெயருக்குள் ஒரு 'தோனா' இருக்கும். ஆண்களுக்கு 'தொன்'. அடையாள அட்டையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரோமாபுரி வீட்டுத் தலைவி பிலியந்தலையில் பஸ்ஸுக்கு நிற்பார்.

ஆங்கிலேயர் அதை ஒரு பட்டமாகவே ஆக்கினார்கள். ஆணுக்குச் சேர் பட்டம் போல, பெண்ணுக்கு 'டேம்'. 1917ல் பிரித்தானியப் பேரரசின் விருதுவரிசை தொடங்கியபோது அதில் அந்தப் பட்டமும் இருந்தது. அதற்கும் முன்பே இங்கிலாந்தில் 'டேம் பள்ளிக்கூடம்' என்று ஒன்று இருந்தது. வயதான ஒரு பெண் தன் வீட்டு முன்னறையில் அயல் பிள்ளைகளை இருத்தி எழுத்துக் கூட்டப் படிப்பிப்பார். நம் ஒழுங்கைகளில் வீட்டிலிருந்து குர்ஆன் ஓதிக்கொடுக்கும் உம்மாமார் இல்லையா, அதே மாதிரி. நம்மவர்களுக்கு யாரும் டேம் பட்டம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் காதுக்கு நன்றாகப் பழகியது 'மெடம்'. கந்தோரில் மெடம், வங்கியில் மெடம். குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன நம் பெண்கள் அந்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டதும் மெடம். யோசித்துப் பாருங்கள். தன் வீட்டை விட்டுவிட்டு இன்னொருத்தியின் வீட்டைக் கழுவப் போனவள், அந்த இன்னொருத்தியைப் பார்த்து ஒரு நாளைக்கு நூறு தடவை "என் வீட்டுத் தலைவியே" என்று சொல்லியிருக்கிறாள். அர்த்தம் இரண்டு பேருக்கும் தெரியாது.

இனி 'கிராண்ட் டாம்' என்று சேர்த்துச் சொன்னால் என்ன? தன் துறையில், தன் ஊரில், நீண்ட காலம் நின்று, எல்லாரும் எழும்பி இடம் கொடுக்கும் நிலைக்கு வந்த முதிய பெண். நாடகத்தின் கிராண்ட் டாம், சட்டத்துறையின் கிராண்ட் டாம் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதும். வயது இருக்க வேண்டும், மதிப்பும் இருக்க வேண்டும். வயது மட்டும் இருந்தால் அவர் வெறும் 'கிழவி'.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். வயதும் மதிப்பும் ஒன்றாக நிற்கும் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினேன்.

மூதாட்டி. நல்ல பழைய சொல். ஆனால் பத்திரிகையில் எப்போது வருகிறது? "வீதியைக் கடந்த மூதாட்டி வாகனம் மோதிப் பலி." "மூதாட்டியின் சங்கிலி அறுப்பு." இதை மிஸ்ஸுக்கு எழுத மனம் வரவில்லை.

சீமாட்டி. பணக்காரி என்ற வாசம் வருகிறது. மிஸ் கடைசி நாள் வரை பஸ்ஸில் வந்தவர்.

பெருமாட்டி. அர்த்தம் சரி. ஆனால் இன்றைக்கு யாருடைய வாயில் இருக்கிறது?

அம்மையார். இது கிட்டத்தட்டச் சரி. சிறிமாவோ அம்மையார் என்று நம் பத்திரிகைகள் எழுதின. 1959ல் கணவர் சுடப்பட்டு இறந்து, 1960 ஜூலையில் உலகத்தின் முதல் பெண் பிரதமராக அவர் வந்தபோது, இவரை எப்படி அழைப்பது என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளே தடுமாறின. தமிழுக்குத் தடுமாற்றம் இருக்கவில்லை. அம்மையார் என்று எழுதிவிட்டுப் போனது. ஆனால் அம்மையார் என்றால் மேடையும் மாலையும் மனதில் வருகிறது. சோக்குத் தூள் வரவில்லை.

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் 'பெரிய அம்மா'. பெரியம்மா! அதை நினைவுச்சின்னத்தில் பொறித்தால் யாருடைய பெரியம்மா என்று கேட்பார்கள்.

தேடிக்கொண்டு போனதில் இன்னொன்று கவனித்தேன். இந்தக் கிராண்ட் டாம் என்ற பெயர் அதிகமாகக் கொடுக்கப்படுவது யாருக்குத் தெரியுமா? ஹோட்டல்களுக்கு. 1864ல் கட்டிய நம்முடைய கோல்ஃபேஸ் ஹோட்டலையும் சுற்றுலா எழுத்தாளர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள். பெருநாள் அந்தியில் காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடையோடு நாங்கள் நின்று பார்க்கும் அதே கட்டடம். சுவரில் வெடிப்பு வந்தால் அது பழம்பெருமை. பெண்ணின் முகத்தில் சுருக்கம் வந்தால் மட்டும் அது பழம்பெருமை இல்லை.

அடுத்தது ஒரு மது. நமக்கு ஹராம், கதையை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிரான்சில் பார்ப்-நிக்கோல் போன்சார்தின் என்று ஒரு பெண். 1805ல் 27 வயதில் கணவனை இழந்தார். அந்தக் காலத்துச் சட்டத்தில் கணவனுள்ள பெண் அவன் அனுமதி இல்லாமல் தன் பெயரில் வியாபாரம் நடத்த முடியாது. விதவைக்கு முடியும். அவர் கணவனின் வியாபாரத்தைக் கையில் எடுத்து, போர்களுக்கு நடுவே ரஷ்யா வரை சரக்கு அனுப்பி, 1866ல் இறக்கும்போது பெரிய நிறுவனமாக விட்டுச் சென்றார். நிறுவனத்தின் பெயரிலேயே 'விதவை' என்ற சொல் இன்னும் இருக்கிறது. அவர்களுடைய உயர்ந்த சரக்கின் பெயர் 'லா கிராண்ட் டாம்'.

வியாபாரம் செய்த விதவை என்றதும் நமக்கு அன்னை கதீஜா (ரலி) ஞாபகம் வரும். எனக்கு அதோடு இன்னொருவரும் ஞாபகம் வந்தார். அவரிடம் பிறகு வருகிறேன்.

நம் சமூகத்தில் கிராண்ட் டாம் என்று சொல்லத்தக்கவர் இல்லையா? ஆயிஷா ரவூப் அவர்களை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேரளத்தில் பிறந்து, திருமணமாகி இங்கே வந்தவர். 1946ல் கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் அதிபர். பெண்பிள்ளைகளைப் பெரிய வகுப்புக்கு அனுப்பவே வாப்பாமார் யோசித்த காலம் அது. பிறகு தேர்தலில் நின்று கொழும்பு மாநகர சபைக்குப் போய், 1950களில் பிரதி மேயராகவும் இருந்தார். அதே கல்லூரிக்குப் பின்னர் அதிபராக இருந்த ஜெஸிமா இஸ்மாயில் அவர்கள் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் நான் படித்த காலத்தில் கல்வி வரலாறு என்று எத்தனையோ ஆண்களின் பெயரை மனப்பாடம் செய்தோம். இந்தப் பெயர்களைப் பரீட்சைக்காக எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆனால் இவர்களுக்கு ஒரு கதிரை இருந்தது, கதவில் பெயர்ப்பலகை இருந்தது. பெயர்ப்பலகை இல்லாதவர்களை என்ன செய்வது?

இனி என் உம்மும்மாவின் கதை. உண்மையில் இந்தப் பதிவே அதற்காகத்தான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கை. உம்மும்மாவுக்கு 32 வயதில் மாப்பிள்ளை மௌத்தானார். ஐந்து பிள்ளைகள். நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தார். இத்தா முடிந்து வெளியே வந்த கிழமையே இடியப்ப உரலைக் கையில் எடுத்தார். அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல், விடிய மூன்று மணிக்கு எழும்புவார். தஹஜ்ஜத் தொழுவார், அடுப்பு மூட்டுவார். சுபஹுக்குப் பாங்கு சொல்லும்போது முதலாவது தட்டு இறங்கியிருக்கும். ஆறு மணிக்குக் கடைக்காரப் பொடியன் சைக்கிளில் வந்து பெட்டியை எடுப்பான். பெருநாளுக்கு வட்டிலப்பம் ஓடர். கித்துள் கருப்பட்டியை வாங்கும்போது ஒரு துண்டை உடைத்து முகர்ந்து பார்ப்பார். சீனி கலந்தது என்றால் கடைக்காரனுக்கு அன்று நல்ல நாள் இல்லை.

சீட்டும் பிடித்தார். ஒழுங்கையில் இருந்த முஸ்லிம், தமிழ், வேதக்கார, சிங்களப் பெண்கள் எல்லாரும் அந்தச் சீட்டில் இருந்தார்கள். உம்மும்மாவுக்கு எழுத வராது. கணக்கு முழுக்கத் தலைக்குள். என் உம்மா ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். ஆனால் கொப்பிக்கும் உம்மும்மாவுக்கும் கணக்கு வித்தியாசப்பட்டால், கொப்பியைத்தான் திருத்துவார்கள்! யாருடைய மகளுக்குக் கலியாணம், யாருடைய வீட்டில் ஒப்பரேஷன் என்று பார்த்து, யாருக்கு முதலில் சீட்டு விழ வேண்டும் என்பதை எல்லோரோடும் பேசிச் சரிக்கட்டுவதும் அவர்தான். கணவன் மனைவி சண்டை என்றால் இரவு பத்து மணிக்கும் கதவைத் தட்டுவார்கள்.

அவர் படியில் ஏறினால் ஆண்கள் சாரத்தை இறக்கிவிட்டு எழும்பி நிற்பார்கள். அது கிராண்ட் டாம் இல்லையென்றால் வேறு எது?

2017ல், 81 வயதில், ஒரு திங்கட்கிழமை பின்னேரம் அவர் வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஜனாஸா அறிவித்தல் எழுத வேண்டும். வீட்டில் டீச்சர் நான்தானே, நான்தான் எழுதினேன். பெரிய மாமா சொல்லச் சொல்ல, போனில் டைப் செய்தேன். "மர்ஹூம் இன்னாரின் மனைவியும், மர்ஹூம் இன்னாரின் மகளும், இன்னார், இன்னார், இன்னாரின் தாயாரும், இன்னாரின் மாமியாருமான..." என்று வந்து நின்றேன்.

"பேர் என்ன மாமா போடுற? முழுப்பேர்?"

"பேர் என்னத்துக்கு மகள்? எல்லாருக்கும் தெரியும்தானே. பொம்பளப் பேர்தானே, பரவாயில்ல. தாயார் காலமானார் எண்டு போடுங்க."

நான் அப்படியே போட்டேன். அனுப்பியும் விட்டேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அதையே வாசித்தார்கள். ஏழு ஆண்களின் பெயர் இருந்தது, மௌத்தானவரின் பெயர் இல்லை.

இரண்டு நாள் கழித்து மரணச் சாட்சிப்பத்திரத்துக்கு விபரம் கொடுக்கப் போனபோது, தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். "ஒண்டும் இல்ல, வீட்டுலதான் இருந்தவ" என்றார் மாமா. ஐந்து பிள்ளைகளில் ஒருவராக, அந்த இடியப்பத்தில் படித்து ஆளான மனிதர். கெட்டவர் இல்லை. உம்மாவின் கால்மாட்டில் இருந்து அழுதவர். அவருக்கு அது தொழிலாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. நானும் வாய் திறக்கவில்லை.

அதனால் மாமாவைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. டைப் செய்த விரல் என்னுடையது.

இந்த நினைப்போடு மறுநாள் காலை ஆசிரியர் அறையில் இருந்தேன். நினைவுச்சின்னத்து வரி இன்னும் வரவில்லை. எங்களோடு இஸ்லாம் பாடம் படிப்பிக்கும் மௌலவி ஆசிரியர் என்ன யோசனை என்று கேட்டார். சொன்னேன். பேச்சோடு பேச்சாக உம்மும்மாவைப் பற்றியும் சொன்னேன். பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். நம் வீட்டு மூத்த பெண்கள் பலரைப் போல அவர் பெயரும் 'சித்தி' என்றுதான் தொடங்கும். சித்தி என்று தொடங்கி, பிறகு சொந்தப் பெயர்.

மௌலவி சிரித்தார். "பிறகென்ன டீச்சர்? நீங்க தேடுற பட்டம் அங்கேயே ஈக்கே!"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அரபியில் 'ஸையிதா' என்றால் தலைவி, சீமாட்டி. 'ஸையிததீ' என்றால் என் சீமாட்டி. பேச்சில் அது சுருங்கி 'ஸித்தீ' ஆகும. மலாய்க்காரர்கள் பெண்பிள்ளைகளுக்கு 'ஸிதி' என்று வைப்பதும் அதுதான், நம்முடைய 'சித்தி'யும் அதுதான். ஷாம் நாட்டுப் பக்கம், பலஸ்தீனத்திலும் கூட, பிள்ளைகள் தங்கள் உம்மும்மாவைக் கூப்பிடுவதே 'ஸித்தீ' என்றுதானாம்.

மதாம் என்றால் என் சீமாட்டி. மடோனா என்றால் என் சீமாட்டி. சித்தி என்றாலும் என் சீமாட்டி.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதில் அந்தப் பெயரை நாங்கள் எவ்வளவு பகிடி பண்ணியிருக்கிறோம்! தமிழ்ப் பிள்ளைகள் உம்மாவின் தங்கச்சியா என்று கேட்பார்கள். பழைய காலத்துப் பெயர், பட்டிக்காட்டுப் பெயர் என்று என் தலைமுறையில் எடுத்தே விட்டார்கள். என் உம்மாவின் பெயரில் இருக்கிறது, என் பெயரில் இல்லை. உம்மாவும் அதைச் சுருக்கி ஒரு 'எஸ்' ஆக்கி, புள்ளி வைத்து, முன்னுக்கு ஒளித்து வைத்திருக்கிறார். ஒரு பட்டத்தை இனிஷியல் ஆக்கிய சமூகம் நாங்கள்.

உம்மும்மா பிறந்த அன்று அவருடைய வாப்பா, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு நாட்டாமைக்காரர், தொட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்து "என் சீமாட்டி" என்று பெயர் வைத்திருக்கிறார். 81 வருடம் கழித்து, அந்தப் பிள்ளையின் பேத்தி, பயிற்றப்பட்ட தமிழ் ஆசிரியை, அந்தப் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறாள்.

அன்றைக்கு நினைவுச்சின்னத்துக்கு வரி கிடைத்தது. கிராண்ட் டாமுக்கு நான் தமிழ் தேடியதே பிழை. அதைத்தான் பிள்ளைகள் எப்போதோ தந்துவிட்டார்களே: பெரிய மிஸ்!

பிறகு பார்த்தால் அதற்கும் பிரெஞ்சில் ஒரு முன்னோடி இருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில், பதினான்காம் லூயி மன்னனின் பெரியப்பா சித்தப்பா வழிச் சகோதரி ஒருவர் (1627–1693). பேசிய பெரிய இடத்துச் சம்பந்தங்கள் ஒன்றும் சரிவராமல் போனவர். அவருக்கு நாடே வைத்த பெயர் 'லா கிராண்ட் மத்மொஸல்'. சொல்லுக்குச் சொல் 'பெரிய மிஸ்'! சும்மா ஆளில்லை. 1652ல் பஸ்தீல் கோட்டையின் பீரங்கிகளை மன்னனின் படை மீதே திருப்பிச் சுட வைத்தவர். கலியாணமாகாத பெண்ணைத் தனியாகப் பிரித்துக் காட்டும் அந்த மத்மொஸலை 2012ல் பிரெஞ்சு அரசாங்கப் படிவங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் மிஸ்ஸும் கலியாணம் செய்யாதவர். அதைப்பற்றி 34 வருடம் ஆசிரியர் அறையில் எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அது ஒரு விசயமே இல்லை. அவர்களுக்கு மிஸ் என்றால் படிப்பிக்கிறவர். பெரிய மிஸ் என்றால் எல்லாரிலும் பெரியவர்.

அதிபரிடம் கொடுத்த தாளில் இப்படி எழுதினேன். முதல் வரியில், இனிஷியல் ஒன்றும் இல்லாமல், மிஸ்ஸின் முழுப்பெயர், பெரிய எழுத்தில். அவருடைய வாப்பா பெயர், அதாவது அப்பாவின் பெயர் முழுதாக, அவருக்கு அம்மா வைத்த பெயர் முழுதாக. இரண்டாவது வரியில் "கணித ஆசிரியை, 34 வருடம்". மூன்றாவது வரியில் "எங்கள் பெரிய மிஸ்".

"கிராண்ட் டாமுக்கு இதுவா தமிழ்?" என்று அதிபர் கேட்டார்.

"பிள்ளைகள் செய்த மொழிபெயர்ப்பு சேர்" என்றேன்.

பிரியாவிடை அன்று மிஸ் அதைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டு, மெதுவாக வாசித்தார். ஆங்கில வரியைத் தாண்டி வந்து, தமிழில் முதல் வரியில் நின்றார். "என்ர முழுப்பேரைக் கண்டு எவ்வளவு காலம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இனி ஒரு வேண்டுகோள்.

வீட்டில் மூத்த பெண்கள் உயிரோடு இருந்தால், இன்று இரவே அவர்களுடைய முழுப்பெயரைக் கேளுங்கள். இனிஷியல் ஒவ்வொன்றும் என்ன என்று கேளுங்கள். அதை வைத்தது யார், ஏன் என்று கேளுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். நாளை ஒரு ஜனாஸா அறிவித்தலோ மரண அறிவித்தலோ எழுத வேண்டி வந்தால், யாருடைய மனைவி, யாருடைய தாய் என்று எழுதுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் அதற்கு முதல் அவர் யார் என்று எழுதுங்கள். தொழில் என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று சொல்வதற்கு முன், அந்த ஒன்றுமில்லையில் எத்தனை பேர் சாப்பிட்டு வளர்ந்தோம் என்று ஒரு நிமிடம் நினையுங்கள்.

உங்கள் உம்மும்மா, வாப்பும்மா, மூத்தம்மா, அம்மம்மா, அப்பம்மா, ஆச்சி யாராக இருந்தாலும் சரி, அவருடைய முழுப்பெயரைக் கீழே எழுதுங்கள். என்ன செய்தார் என்று ஒரு வரியும் எழுதுங்கள். இடியப்பம் அவித்தார், தைத்தார், பாய் இழைத்தார், ஓதிக்கொடுத்தார், சீட்டுப் பிடித்தார், எதுவானாலும்.

முதல் கொமண்டில் என் உம்மும்மாவின் பெயரை நானே எழுதுகிறேன். 2017ல் எழுதியிருக்க வேண்டியது. சித்தி என்று தொடங்கும்.

அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்கி, ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக. ஆமீன். துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.